பெரிய மனுஷி ஆன பிறகு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டமைப்பின் தலைவி அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, வங்கியிலிருந்து வந்திருக்கும் மேலாளர் அவர்களே, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் குழுக்களின் ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, என் அக்கா தங்கச்சிகளே! வேலை செய்யுற வீட்டுல அரை நாள் லீவு சொல்லிட்டு, சோறு வடிச்சு மூடி வெச்சுட்டு வந்திருப்பீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சின்ன வயசு ஆசையும், வளர்ந்த பிறகு வாழ்க்கையும்'. தலைப்பு கைக்கு வந்ததும் எங்க குழுக் கூட்டத்துல ஒரு கேள்வி கேட்டேன். "சின்ன வயசுல நீங்கல்லாம் என்னவா ஆகணும்னு நெனச்சீங்க?" முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா, சேமிப்பை எண்ணு" என்றாங்க. அப்புறம் மெதுவா ஒவ்வொருத்தரா வாயத் திறந்தாங்க. ஒருத்தர் டீச்சர். ஒருத்தர் நர்ஸ். ஒருத்தர் போலீஸ். மீன் வியாபாரம் பண்ற ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், "மேடையில டான்ஸ் ஆடணும்னு ஆசைப்பட்டேன்டி" என்றாங்க. கடைசியா ஒரு தங்கச்சி மட்டும் பேசாம இருந்தா. கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணும் தோணலக்கா. என்னை யாரும் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதே இல்ல" என்றாள். அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.

எனக்கு என்ன ஆசை தெரியுமா? பஸ் கண்டக்டர் ஆகணும்னு. ஒரு விசில் ஊதினா அவ்வளவு பெரிய வண்டி நிக்குது, ரெண்டு விசில் ஊதினா கிளம்புது. இதைவிடப் பெரிய அதிகாரம் உலகத்துல கிடையாதுன்னு நெனச்சேன். இன்னிக்கு அதே பஸ்ல கட்டணமில்லாத டிக்கெட் வாங்கிட்டு ஏறுறேன். டிக்கெட்டைக் கொடுக்கிற இடத்துல நான் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்னு சொல்லிச் சிரிச்சுக்குவேன்.

சின்ன வயசுல நினைச்சது எல்லாம் யாருக்கும் அப்படியே நடக்கிறது இல்ல. பங்களாவுல பொறந்தவங்களுக்கும் நடக்கிறது இல்ல. குழந்தை காலையில டாக்டர்ன்னு சொல்லும், சாயங்காலம் ஐஸ் வண்டிக்காரர்ன்னு சொல்லும். வளர வளர அது தானாவே மாறும். அந்த மாதிரி மாறினதுக்கு நாம வருத்தப்படத் தேவையில்ல. ஆனா வேற ஒரு வகை இருக்கு. ஆசையும் இருந்தது, அறிவும் இருந்தது, நல்லா படிச்சிட்டும் இருந்தோம். ஒரு நாள் யாரோ வந்து வெட்டிட்டாங்க. நாம என்ன பண்றோம்? ரெண்டையும் ஒண்ணாக் கலந்து 'எல்லாம் தலையெழுத்து'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். நான் இன்னிக்குப் பேச வந்தது அந்த ரெண்டாவது வகையைப் பத்தித்தான். தலையெழுத்துன்னு நாம சொல்றதுக்குள்ள ஒரு தேதியும், ஒரு தொகையும், ஒரு ஆளும் ஒளிஞ்சிருக்காங்க. அதைத் தேடிப் பார்த்தா அடுத்த பிள்ளையைக் காப்பாத்தலாம்.

நம்ம தமிழ்ல ஒரு வார்த்தை இருக்கு, 'பெரிய மனுஷி'. பத்து பேருக்கு நல்லது கெட்டது சொல்றவங்களைப் பெரிய மனுஷின்னு சொல்வோம். வயசுக்கு வந்த பொண்ணையும் அதே வார்த்தையால சொல்வோம், 'அவ பெரிய மனுஷி ஆயிட்டா'ன்னு. பேருதான் பெரிய மனுஷி. ஆனா அன்னிக்குத்தான் அவளோட உலகம் சின்னதாகுது. மூலையில உட்கார வைப்போம், தலை நிறைய பூ வைப்போம், பந்தல் போட்டுச் சீர் வரிசை வைப்போம். அது முடிஞ்சதும் தெருவுல விளையாடாதே, தனியாப் போகாதே, அந்தப் பள்ளிக்கூடம் தூரம், வேண்டாம். பையன் வளர்ந்தா சைக்கிள் வாங்கித் தர்றோம். பொண்ணு வளர்ந்தா கதவைச் சாத்துறோம். நான் எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். எங்க அம்மா ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டிருந்தாங்க, தம்பி கைக்குழந்தை. யார் பார்த்துக்கிறது? நான்தான். எங்க அம்மா மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்கும் வேற வழி இல்ல. ஆனா அது தலையெழுத்து இல்ல. தம்பியைப் பார்த்துக்க அன்னிக்குப் பக்கத்துல ஒரு பால்வாடி இருந்திருந்தா நான் ஒன்பதாவது போயிருப்பேன்.

இது நமக்கு மட்டும் நடந்த கதையும் இல்ல. நாம தினமும் பஸ்ல கடந்து போற தெருக்களுக்குள்ளயே இதுக்கு முந்தின கதைங்க இருக்கு.

1886-ஆம் வருஷம் ரெண்டு பொண்ணுங்க பொறந்தாங்க. ஒருத்தர் நம்ம மயிலாப்பூர்ல, சகோதரி சுப்புலட்சுமி. இன்னொருத்தர் புதுக்கோட்டையில, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சுப்புலட்சுமி படிப்புல கெட்டிக்காரி. பதினோரு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சாங்க. கொஞ்ச நாள்லயே கணவர் இறந்துட்டார். அந்தக் காலத்துல அந்தக் குடும்பங்கள்ல அப்படி ஆன பொண்ணுக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். மொட்டை அடிச்சு, நார்மடி கட்டி, அடுப்பங்கரை மூலையோட வாழ்க்கை முடிஞ்சுது. ஆனா அவங்க அப்பாவும் அம்மாவும் அந்த இடத்துல நின்னு, 'எங்க பொண்ணு படிக்கட்டும்'னு சொன்னாங்க. ஊர் பேசிச்சு. பேசட்டும்னு விட்டாங்க. 1911-ல பிரசிடென்சி காலேஜ்ல பட்டம் வாங்கினாங்க. அடுத்த வருஷமே, தன்னை மாதிரி சின்ன வயசுல கணவரை இழந்த நாலு பொண்ணுங்களைத் தங்க வெச்சுப் படிக்க வைக்க ஆரம்பிச்சாங்க. பீச் ரோட்டுல இருக்கிற ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம், அங்கதான் பிறகு அந்தப் பொண்ணுங்க தங்கிப் படிச்சாங்க.

முத்துலட்சுமி வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போச்சு. பெரிய மனுஷி ஆயிட்டாங்க இல்லையா! ஆனா அவங்க அப்பா வீட்டுலயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் பையன்கள் மட்டும் படிச்ச மகாராஜா காலேஜ்ல, எதிர்ப்பையெல்லாம் மீறி இடம் கிடைச்சுது. 1907-ல சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல டாக்டர். அடையாறு அவ்வை இல்லம் 1930-ல அவங்க தொடங்கினது. பொட்டுக் கட்டுற வழக்கத்துலேருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்களைச் சேர்த்துக்க விடுதிகள் மறுத்ததால, அவங்களே ஒரு வீட்டை உண்டாக்கினாங்க. தங்கச்சி புற்றுநோயில இறந்த துக்கம் மனசுல இருந்து, 1954-ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வந்தது. பிரசவ உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதும்போது 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி'ன்னு எழுதுறோமே, அது இந்த அம்மா பேருதான்.

இவங்க கதையைக் கேட்டதும் நீங்க மனசுக்குள்ள ஒண்ணு சொல்வீங்க. "அவங்களுக்கு என்னக்கா, படிச்ச அப்பா இருந்தார்." உண்மைதான். நான் அதை மறைக்க மாட்டேன். சகோதரி சுப்புலட்சுமியோட முதல் விடுதி பிராமணப் பொண்ணுங்களுக்குத்தான். அன்னிக்கு நம்ம பாட்டிங்க அந்த வாசல்ல போய் நின்னிருந்தா உள்ளே போயிருக்க முடியாது. நம்ம பாட்டிங்க பிரச்சினை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சுது. பசி.

தி.நகர்னு சொல்றோமே, அந்த 'தி' யார்? தியாகராயர். சர் பிட்டி தியாகராய செட்டியார். அவர் சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்தப்ப, 1920-ல, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு மத்தியானச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவு ஆகக் கூடாதுன்னு கணக்கு. அந்த ஒரு அணாதான் ஏழை வீட்டுப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல உட்கார வெச்சுது. அதுக்கும் முன்னாடி, 1894-லயே, அடையாறுல கர்னல் ஆல்காட் தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கப்பட்ட பிள்ளைங்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். பெசன்ட் நகர்ல அந்தப் பேருல பள்ளிக்கூடம் இன்னும் இருக்கு. காமராஜர் 1956-ல மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-ல சத்துணவு, 2022-ல காலை உணவுன்னு வந்த எல்லாத்துக்கும் வேர் அந்த ஆயிரம் விளக்குத் தீர்மானம்.

இதுலேருந்து நான் கத்துக்கிட்டது இதுதான். ஒரு குழந்தையோட ஆசை எங்க வேணும்னாலும் முறியறது இல்ல. அதுக்குன்னு சில இடங்கள் இருக்கு. பசி எடுக்கிற மத்தியானம் ஒண்ணு. வயசுக்கு வர்ற நாள் ஒண்ணு. கல்யாணப் பேச்சு வர்ற நாள் ஒண்ணு. அந்தந்த இடத்துல யாராவது ஒருத்தர் கை கொடுத்தா பிள்ளை தாண்டிடும். அந்த ரெண்டு பேருக்கும் அப்பா அம்மா கை கொடுத்தாங்க. பசிக்கு ஒரு மாநகராட்சி கை கொடுத்தது.

இன்னிக்கு நம்ம பக்கத்துல எந்தெந்த இடத்துல முறியுது?

ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் ரோட்டுக்கும் துணி எடுக்கப் போறோம். புடவையை ஒண்ணொண்ணா விரிச்சுக் காட்டுதே அந்தப் பொண்ணு, பேச்சைக் கேட்டாலே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்னு தெரியும். பன்னெண்டாவது முடிச்சதும், சில பேர் அதுக்கும் முன்னாடியே, பட்டணத்துல வேலைன்னு வந்தவங்க. மெட்ராஸ்னா என்னென்னமோ கற்பனையோட ரயில் ஏறியிருப்பாங்க. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. 'அங்காடித் தெரு'ன்னு 2010-ல படம் வந்தப்ப பார்த்து அழுதோம். அழுததோட முடியல. 2021-ல தமிழ்நாடு கடைகள் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்து, கடையில வேலை செய்யுறவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு ஆக்கினாங்க. கனவெல்லாம் பெருசாக் கண்டுட்டு வந்த பொண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டுது. அடுத்த தடவை கடைக்குப் போனா அந்த ஸ்டூல் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கேளுங்க. காசு கொடுத்து வாங்குற நாம கேட்கலாம்.

இன்னொரு இடம் வீடு மாறுறது. நம்ம கூட இருந்த எத்தனை குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரின்னு போனாங்க! 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு ஆத்தோரம் இருந்தவங்க பெரும்பாக்கம் போனாங்க. அங்க வீடு சிமெண்ட் வீடு. ஆனா வேலை இங்க, பள்ளிக்கூடம் இங்க. பாதி வருஷத்துல பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போகும்? விடியக்காலையில எழுந்து பஸ் பிடிச்சு வந்து படிச்ச பிள்ளைங்களும் உண்டு. நாலு மாசம் பார்த்துட்டு விட்ட பிள்ளைங்களும் உண்டு. அவங்களைப் போய் 'படிப்புல நாட்டமில்ல'ன்னு சொன்னா அது நியாயமா?

ஆம்பளைப் பிள்ளைங்களையும் மறக்க வேணாம். பத்தாவது, பன்னெண்டாவதோட நிறுத்திட்டு, தவணையில வண்டி எடுத்து, டெலிவரிக்கு ஓடுறான். கையில காசு வருது, வீட்டுக்கும் உதவுது. ஆனா அவன் பாலிடெக்னிக் போகணும்னு ஒரு காலத்துல சொன்னது நமக்கு ஞாபகம் இருக்கணும்.

இப்ப நான் சொல்லப் போறது கொஞ்சம் கசக்கும். திட்டினாலும் பரவாயில்ல, கேட்டுக்கோங்க.

நம்ம தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. உள்கடன் எதுக்கெல்லாம் கொடுத்திருக்கோம்? சடங்குக்கு. காது குத்துக்கு. வளைகாப்புக்கு. நகை மீட்க. வாடகை அட்வான்ஸுக்கு. எல்லாமே தேவைதான், நான் இல்லைங்கல. நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போறதுல நம்ம மானமும் சந்தோஷமும் இருக்கு. ஆனா பொண்ணுக்குச் சடங்கு செய்ய ஐம்பதாயிரம் கடன் கேட்டா எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். அதே பொண்ணு பன்னெண்டாவது முடிச்சு காலேஜ் ஃபீஸுக்கு ஐயாயிரம் குறையுதுன்னு அம்மா கேட்டா, "போன கடனே பாக்கி இருக்கே" என்கிறோம். பெரிய மனுஷி ஆன அன்னிக்குச் செலவு பண்ண நம்மகிட்ட பணம் இருக்கு. அவ நிஜமாவே பெரிய மனுஷி ஆகிறதுக்குச் செலவு பண்ண நம்மகிட்ட பணம் இல்ல.

அரசாங்கமே இந்தக் கணக்கை மாத்திப் போட்டிருக்கு, கவனிச்சீங்களா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-லேருந்து ஒரு திட்டம் இருந்தது. கல்யாணத்துக்குத்தான் உதவித் தொகை. 2022-லேருந்து அதே அம்மையார் பேர்ல 'புதுமைப் பெண்' திட்டம். ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ சேர்ந்தா மாசம் 1,000 ரூபாய் அவ கணக்குலயே ஏறும். கல்யாண மேடையில வந்த பணம் இப்ப காலேஜ் வாசல்ல வருது. நம்ம தீர்மானப் புத்தகமும் அந்த மாதிரி மாறணும்னுதான் கேட்கிறேன்.

இன்னும் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் படிப்புல 2020-லேருந்தும், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் மாதிரி படிப்புல 2021-லேருந்தும் 7.5 சதவீத இடம் தனியா இருக்கு. அந்த இடத்துல சேர்ந்தா ஃபீஸை அரசாங்கமே கட்டுது. வங்கியில கல்விக் கடன் நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கிறது இல்ல, பெற்றோர் கூட்டாக் கையெழுத்துப் போட்டாப் போதும். மேலாளர் இங்கேயே இருக்கார், விழா முடிஞ்சதும் விடாதீங்க! தரமணியில டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கு. கிண்டியில மகளிர் ஐ.டி.ஐ. இருக்கு. பீச் ரோட்டுல 1914-லேருந்து ராணி மேரிக் கல்லூரி இருக்கு. அந்தச் சுவரை ஒட்டி மீன் கூடையோட நடந்து போன எத்தனையோ அம்மாக்களோட பேத்திங்க இன்னிக்கு உள்ளே படிக்கிறாங்க.

அடுத்தது நம்ம பிள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. நமக்கு நடக்காத ஆசையைப் பிள்ளை தலையில ஏத்தி வைக்கிறோம். நான் நர்ஸ் ஆக முடியல, நீ ஆகணும். நான் டீச்சர் ஆக முடியல, நீ ஆகணும். உனக்காகத்தானே நாலு வீட்டுல தேய்க்கிறேன்னு தினமும் சொல்றோம். அந்தப் பிள்ளைக்கு அது கடன் மாதிரி இருக்கும். நாம வாங்காத கடனுக்கு நம்மகிட்ட வட்டி கேட்டா எப்படி இருக்கும்? எங்க பக்கத்துக் குழுவுல ஒரு அக்கா, மகளை நர்சிங் சேர்க்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அந்தப் பொண்ணுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம். அவளுக்குச் சமையல்ல ஆசை, கேட்டரிங் படிக்கணும்னு சொன்னா. "சமைக்கிறதுக்கு எதுக்குடி படிப்பு, நான்தான் தினமும் சமைக்கிறேனே" என்று அக்காவுக்குக் கோபம். ரெண்டு கூட்டத்துல பேசித்தான் சம்மதிக்க வெச்சோம். நமக்குக் கிடைக்காதது நர்ஸ் வேலை மட்டும் இல்ல. 'உனக்கு என்ன பிடிக்கும்'னு யாராவது கேட்கிறதும் நமக்குக் கிடைக்கல. முதல்ல அந்தக் கேள்வியைப் பிள்ளைக்குக் கொடுப்போம்.

சரி, நம்ம கதி என்ன? நாற்பது, ஐம்பது வயசாச்சு. நம்ம ஆசை போனது போனதுதானா?

சிலது போனதுதான். ஆறுதலுக்குப் பொய் சொல்ல மாட்டேன். கண்டக்டர் வேலைக்கு வயசு வரம்பு இருக்கு, நான் இனி ஆக முடியாது. ஆனா எல்லாமும் போகல. சகோதரி சுப்புலட்சுமி 1942-ல மயிலாப்பூர்ல வயசான பொம்பளைங்களுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, ஸ்ரீவித்யா கலாநிலையம்னு பேரு. பாதியில விட்டவங்க திரும்ப வந்து படிக்கிறதுக்காக. அடையாறு பாலம் பக்கத்துல துர்காபாய் தேஷ்முக் சாலைன்னு போர்டு பார்த்திருப்பீங்க. அந்த அம்மாவுக்கு எட்டு வயசுல கல்யாணம். வளர்ந்த பிறகு அந்தக் கல்யாணத்துலேருந்து விலகி, விட்ட படிப்பைத் திரும்பப் பிடிச்சு, எம்.ஏ. முடிச்சு, சட்டம் படிச்சு, வக்கீல் ஆகி, நம்ம நாட்டு அரசியல் சாசனத்தை எழுதின சபையிலேயே உட்கார்ந்தாங்க. 1937-ல ஆந்திர மகிள சபா தொடங்கினது அவங்கதான். படிப்பைப் பாதியில விட்ட பெரிய பொண்ணுங்களை ரெண்டே வருஷத்துல மெட்ரிக் பரீட்சைக்குத் தயார் பண்ற வகுப்பை 1958-ல நாடு முழுக்க மத்திய சமூக நல வாரியம் ஆரம்பிச்சுது. அதுக்குப் பின்னாடி இருந்த யோசனை துர்காபாய் அம்மாவோடது. தன் வாழ்க்கையில முறிஞ்ச இடம் எதுன்னு தெரிஞ்சவங்களாலதான் அப்படி ஒரு வகுப்பை யோசிக்க முடியும்.

நானும் 41 வயசுல பத்தாவது எழுதினேன். பரீட்சை ஹால்ல என்னைப் பார்த்து டீச்சர்னு நெனச்சு ஒரு பையன் எழுந்து நின்னு வணக்கம் சொன்னான். முதல் தடவை கணக்குல போச்சு. ரெண்டாவது தடவை பாஸ். அதனால எனக்குப் பெரிய வேலை ஒண்ணும் கிடைக்கல. ஆனா கூட்டமைப்பு கணக்குப் புத்தகத்துல இன்னிக்கு நான்தான் எழுதுறேன், தணிக்கைக்கு வர்றவர் கேட்கிற கேள்விக்கு நான்தான் பதில் சொல்றேன். வங்கி ஃபாரத்துல எங்க கையெழுத்துன்னு யாரையும் கேட்கிறது இல்ல. எனக்கு அது போதுமான்னு கேட்டா, போதாது. ஆனா அது என்னுடையது.

வழி தெரியணும்னா கேட்டுக்கோங்க. எட்டாவதே முடிக்காதவங்க எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நேரடியா எழுதலாம். அது பாஸ் ஆனா பத்தாவது தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணும், அதை மறந்துடாதீங்க. இல்லைன்னா தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு. மேல் வயசு வரம்பே கிடையாது. ஒரு தடவை பதிவு பண்ணினா அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது தடவை எழுத வாய்ப்பு உண்டு. ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். யாராவது வந்து, பத்தாவது பன்னெண்டாவது இல்லாமலே நேரா டிகிரி வாங்கித் தர்றேன்னு சொன்னா நம்பிப் பணம் கட்டாதீங்க. பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரி, அந்த வரிசையில இருந்தாத்தான் இங்க அரசு வேலைக்குச் செல்லும்.

கடைசியா, இந்த ஆண்டுக் கூட்டத்துல மூணு விஷயத்தைத் தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு. மே, ஜூன், ஜூலை மூணு மாசமும் எல்லாக் குழுவிலும் உள்கடன்ல முதல் இடம் படிப்புக்கு. சீட் கிடைச்சா சில நாளுக்குள்ள பணம் கட்டணும். அந்தச் சில நாளுக்காகத்தான் நம்மாளுங்க கந்து வட்டிக்காரர்கிட்ட போறாங்க, இல்லைன்னா சீட்டை விடுறாங்க. சடங்கு ஆகஸ்ட்ல செஞ்சாலும் சடங்குதான். அட்மிஷன் ஆகஸ்ட்ல கிடைக்காது.

ரெண்டு. ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்துல ஒரு பக்கம் ஒதுக்கி, நம்ம வீடுகள்ல எட்டாவது, பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்க பேரை எழுதி வைக்கணும். பிள்ளை தொடர்ந்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலைன்னா ரெண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போய் விசாரிக்கணும். சண்டைக்கு இல்ல, என்ன குறையுதுன்னு கேட்க. பதினெட்டு வயசு ஆகாத பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சுன்னு தெரிஞ்சா முதல்ல நாம பேசணும். கேட்கலைன்னா 1098. சொந்தக்காரங்கன்னு பார்க்க வேணாம்.

மூணு. படிக்க ஆசைப்படுற நம்ம உறுப்பினர்களுக்கு வாரத்துல ரெண்டு சாயங்காலம் கூட்டமைப்பு அறையைத் திறந்து வைக்கணும். காலேஜ் படிக்கிற நம்ம வீட்டுப் பொண்ணுங்களே சொல்லிக் கொடுக்கட்டும். அம்மாவுக்கு மகள் பாடம் எடுக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு!

1989-ல தருமபுரியில நம்ம மாநிலத்துல சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிச்சப்ப, பொம்பளைங்க பணத்தைச் சேர்த்து என்ன பண்ணப் போறாங்கன்னு கேலி பண்ணினவங்க உண்டு. இன்னிக்கு வங்கி நம்ம கையெழுத்தை நம்பி லட்சக்கணக்குல கொடுக்குது. சுப்புலட்சுமிக்கும் முத்துலட்சுமிக்கும் அந்த இடத்துல நின்னு 'படிக்கட்டும்'னு சொல்ல ஒரு அப்பா இருந்தார். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு அப்படி ஒரு அப்பா இல்லாம இருக்கலாம். இருந்தும் டாஸ்மாக்ல இருக்கலாம். ஆனா அவளுக்குப் பன்னெண்டு பேர், பதினஞ்சு பேர், இருபது பேர் கொண்ட ஒரு குழு இருக்கு. அத்தனை பேரும் சேர்ந்து 'படிக்கட்டும்'னு சொன்னா எந்தத் தெரு எதிர்த்துப் பேசும்?

மூணு தீர்மானத்தையும் செயலாளர் இப்பவே வாசிப்பாங்க. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க. கை தூக்கினவங்க அடுத்த குழுக் கூட்டத்துல அந்த ஒரு பக்கத்தை எழுதி, பிள்ளைங்க பேரைப் போட்டு, ஊக்குநர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க.